மடியில் உன் படம்

புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம்

அன்புள்ள பேனாவுக்கு,

நலமாக இருக்கிறாயா என்று உன்னைக் கேட்டு எழுத இந்த ஊரில் என் ஒருவனால்தான் முடியும். மற்றவர்களுக்கெல்லாம் நீ ஆற்றோடு போய் இருபத்து நான்கு வருஷம் ஆகிறது.

நான் நலம். முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்பே சொல்லிவிடுகிறது. டிப்போவில் என்னை டயர் பிரிவுக்கு மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார்கள். அதாவது, முன்பு நான் டயர் கழற்றினேன், இப்போது மற்றவர்கள் கழற்றுவதைப் பார்த்துக் கத்துகிறேன். வீட்டுக்காரியும் நலம். உன் பட்டறையில் பெயிண்ட் வாடைக்கு இருமல் திரும்பிவிட்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். மூக்கில் துணி கட்டாமல் வேலை செய்யாதே. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை நீ, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இது போன வாரமே போட்டிருக்க வேண்டிய கடிதம். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். விஷயம் இதுதான்.

நம் முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு ஒரு படக்காரம்மா வந்திருக்கிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும், நரைத்த முடியைக் கத்தரித்து விட்டிருக்கிறார், கேமராவையும் மூன்று கால் தாங்கியையும் தானே தூக்கிக்கொண்டு நடக்கிறார். போருக்குப் போய் வந்த ஒவ்வொருவரையும் முகம் தெரிய ஒரு படம் எடுக்கப் போகிறாராம். போரிலிருந்து திரும்பாதவர்களுக்கு, அவர்கள் வீட்டிலிருந்து ஒருவர் பழைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். முப்பத்தொரு பேர் போனோம், பத்தொன்பது பேர் திரும்பினோம். ஆக முப்பத்தொரு படம்.

நூலகத்து மாடியில் பத்திரிகை படிக்கும் அறையை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெள்ளைத் துணி, எதிர்ச்சுவருக்குக் கறுப்புத் துணி, நடுவில் சாய்மானம் இல்லாத ஒரு ஸ்டூல். அவ்வளவுதான். சங்கத் தலைவர் முதல் ஆளாகப் போனார், பழைய சீருடையில். வயிற்றுப் பக்கம் பொத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது. படக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது என்ன போட்டுக்கொள்வீர்களோ அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். தலைவருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. நம் படைப்பிரிவு மீசை முந்தின நாளே தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு போனான், காது மடலையும் சேர்த்துப் பூசியிருந்தான். அதையும் அப்படியே எடுத்துவிட்டாராம்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், ஆனால் எனக்கு ஒரு இடத்தில் நிலைகொள்ளவில்லை. இந்தப் படங்கள் ஆறு ஊர்களுக்குக் கண்காட்சியாகப் போகின்றன. ஊர்ப் பட்டியலைத் தகவல் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ஐந்தாவது ஊர் உன் ஊர். மண்டபத்தின் பெயரைப் பார்த்தேன். துறைமுகத்துக்குப் பின்னால் இருப்பதாக நீயே ஒரு தடவை எழுதியிருக்கிறாய். சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டுவார்களாம். அதில் உன் படமும் இருக்கும், கீழே உன் நிஜப் பெயரும் இருக்கும். இருபத்திரண்டு வயதுப் படம்தான், யாருக்குத் தெரியப்போகிறது என்று நீ நினைக்கலாம். முடி கொட்டலாம், கன்னம் ஒட்டலாம், காது மாறாதடா. உன் காது தூரத்திலிருந்தே தெரியும்.

நான் என்ன செய்யட்டும்? உன் வீட்டில் படம் தர வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது. ஏன் என்று கேட்பார்கள். பதில் போடு. டிப்போ முகவரிக்கே போடு. வெள்ளிக்கிழமை என் முறை. என்னை ஸ்டூலில் அசையாமல் உட்காரவைக்கப் போகிறாராம். பம்பரம் என்று பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன்,
பம்பரம்


ஞாயிற்றுக்கிழமை காலை

பேனா,

உன் பதில் வரட்டும் என்று இருந்தேன். இருக்க முடியவில்லை. காலையிலிருந்து வீட்டுக்கும் தெருமுனைக்கும் ஐந்து தடவை நடந்துவிட்டேன். எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று வீட்டுக்காரி கேட்கிறாள்.

வெள்ளிக்கிழமை டிப்போச் சட்டையோடே போனேன். படக்காரம்மா உடனே படம் எடுப்பதில்லை. ஆளை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, பத்து நிமிஷம் தன்பாட்டுக்குத் துணி மடிக்கிறார், கண்ணாடி துடைக்கிறார். அந்தப் பத்து நிமிஷம் என் உயிர் போய் வந்தது. காலை ஆட்டாமல் நிறுத்தினால் விரல் ஆடுகிறது, விரலை நிறுத்தினால் தாடை ஆடுகிறது. பாலத்தில் உங்களோடு யார் இருந்தார்கள் என்று, மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டார். என்னையும் சேர்த்து மூன்று பேர் என்றேன். பேச்சு வந்ததும் உடம்பு கொஞ்சம் அடங்கியது. நெட்டையனைப் பற்றிச் சொன்னேன். அவன் ஆறடி ரெண்டு அங்குலம் இருந்தான், எந்தக் கட்டிலும் அவனுக்குப் பத்தலை, சீட்டாட்டத்துல மாட்டிக்கிட்டா மொதல்ல சிரிக்கிறது அவனாத்தான் இருக்கும் என்றேன். அப்புறம் உன்னைப் பற்றி. இடது கைக்காரன், எங்க எல்லாருக்கும் வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன், அவனுக்குச் சளித்தொல்லை இருக்கு, மருந்து வாங்கிக்கடான்னா கேக்கிறதே இல்லை என்றேன்.

அந்த நொடியில் படம் எடுத்துவிட்டார்.

பிறகு கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நிமிர்த்தி, ஒருத்தர் இருந்தாருன்னு சொல்றீங்க, இன்னொருத்தருக்கு இருக்குன்னு சொல்றீங்க என்றார். நான் ஸ்டூலை விட்டு எழப் பார்த்தேன். அவர், பயப்படாதீங்க, நான் முகத்தைத்தான் எடுக்கிறேன், வாக்குமூலம் எடுக்கலை என்றார். எழுந்து நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நேற்று உன் வீட்டார் முறை. துணைக்கு வரச் சொல்லித் தங்கச்சி ஆள் அனுப்பியிருந்தது. உன் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்து உன் மகள் வயதாகிறது. பாப்பாவும் வந்திருந்தாள். உன் படத்தைத் தங்கச்சிதான் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று சங்கப் பட்டியலில் எழுதியிருந்தார்கள். ஆனால் தங்கச்சி அறை வாசல் வரை வந்துவிட்டு, வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. நீ போய் உட்காரு என்று மகளை அனுப்பிவிட்டது.

பாப்பா கைக்குட்டையால் உன் படத்தின் கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்தாள். நீ கிளம்புவதற்கு முன் எடுத்த படம், தொப்பி உனக்கு ஒரு அளவு பெரிது. மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, மாமா, கணக்குப்படி இப்ப நான் அப்பாவுக்கு ஒரு வயசு மூத்தவ என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அறையில் நிற்க முடியவில்லை. அவளுக்கும் உன் காதுதான். கேமரா முன்னால் நாலு காதும் ஒரே மாதிரி நின்றன.

படிக்கட்டுக்கு வந்தேன். தங்கச்சி பின்னாலேயே வந்தது. நான் ஏன் உட்காரலைன்னு கேக்கமாட்டீங்களாண்ணே என்றது.  அதுவே சொன்னது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் ஆனபோது தங்கச்சிதான் ஒரு மாதம் எங்கள் வீட்டில் வந்து சமைத்துப் போட்டது. அப்போது என் சட்டையைத் துவைக்க எடுத்திருக்கிறது. பையில் ஒரு கடித உறை. மேலே டிப்போ முகவரி, இடது கை எழுத்து, எழுதின கையே மையைத் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறது.

படிச்சியாம்மா என்று கேட்டேன். படிக்கலைண்ணே, உங்க பேரு போட்டு வந்ததை நான் எதுக்குப் படிக்கணும், என் பேரு போட்டு ஒண்ணும் வரலையே என்றது.

பேனா, தங்கச்சிக்குத் தெரியும். ஐந்து வருஷமாகத் தெரிந்திருக்கிறது. ஐந்து நினைவு நாளுக்கு என் பக்கத்தில் நின்று பூ வைத்திருக்கிறது. ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். வர விருப்பமிருந்தா வந்திருப்பாரு, விருப்பமில்லாதவரை எதுக்கு இழுத்துக்கிட்டு வரணும் என்றது. அழவில்லை. குரல்கூட உயரவில்லை. நீ பார்த்திருந்தால் அதற்குத்தான் பயந்திருப்பாய்.

ஒன்று மட்டும் கேட்டது. உசுரோட இருக்கிற மனுசன் படத்தை மடியில வச்சுக்கிட்டு நான் உக்காரமாட்டேன், ஆனா என் மக தெரியாம உக்காந்துட்டா, அந்தப் படம் ஊரூராப் போறதுக்குள்ள அவகிட்ட நீங்க சொல்லிடணும், நான் சொன்னா அதுல என் கோபமும் கலந்துரும் என்றது.

படையை விட்டுப் போன அன்றைக்கு நீ என்னிடம் ஆறு மாசம் கழிச்சு வீட்டில் சொல்லிவிடு என்றுதான் சொன்னாய். ஆறு மாதம் கழித்து வேண்டாம் என்று எழுதினாய். ஓடிப்போனவர்களுக்கு மன்னிப்பு அறிவித்தே பதினொரு வருஷம் ஆகிறது. அப்போதும் எழுதினேன். முகத்தைக் காட்ட முடியாது என்றாய். இப்போது உன் முகத்தை அவர்களே பெரிதாக்கி மாட்டப்போகிறார்கள். நீயே வந்து சொல். அல்லது நீயே அவளுக்கு எழுது. எதுவானாலும் சீக்கிரம்.

பதிலை எதிர்பார்த்து,
பம்பரம்


செவ்வாய்க்கிழமை

பேனாவுக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மொத்தமும் இவ்வளவுதான்: யாரிடமும் எதுவும் சொல்லாதே, நான் வேறு ஊருக்குப் போகிறேன். ஏழு வார்த்தை. படைப்பிரிவு முழுவதற்கும் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்த கைக்கு, தன் மகள் விஷயத்தில் ஏழு வார்த்தைதான் மிஞ்சியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு டிப்போவில் ஒரு நல்ல டயரைப் பஞ்சர் என்று சொல்லிக் கழற்ற வைத்துவிட்டேன்.

நான் சொல்லிவிட்டேன். முதலில் அதைத் தெரிந்துகொள்.

பாப்பா வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். அவள் கண் சோதிக்கிற சின்ன அறை. கண் காட்ட வந்தவன் போல என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். எதிரே எழுத்துப் பலகை, பெரிதிலிருந்து சிறிதாக. அதையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாலத்தில் குண்டு விழுந்தது, நீ துப்பாக்கியைக் கீழே வைத்தது, பூட்ஸைக் கழற்றியது, சோளக்காட்டுக்குள் இறங்கியது. போடா, நான் பார்த்துக்கிறேன் என்று உன்னை அனுப்பியவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அதை விட்டுவிட்டுச் சொன்னால் அதுவும் பொய்தானே.

 முடிந்ததும், அவருக்கு இப்பக் கண்ணாடி உண்டா மாமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் உன் ரகசியத்தைக் காப்பாற்றியவனுக்கு, நீ கண்ணாடி போட்டிருக்கிறாயா என்பது தெரியவில்லை. பிறகு முகவரி கேட்டாள். அவனைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். அவரைக் கேட்டுத்தான் இத்தனை வருசமும் எல்லாம் செஞ்சீங்க, இனிமே என்னைக் கேளுங்க என்றாள். கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வாயைப் பூட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. தலைவரிடம் போய், பேனா ஆற்றில் விழுந்ததைப் பார்த்தேன் என்று நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டது பொய் என்றேன். அவர் அந்தப் பழைய காகிதத்தைத் தேடி எடுத்துக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு கூட்டம் கூட்டினார். என் படத்தைச் சுவரில் மாட்ட வேண்டாம் என்று நானே சொன்னேன். மீசை எழுந்து, மாட்டித்தான் ஆகணும், அவன் செஞ்சது சரியில்லை, ஆனா பாலத்துல நின்னவன்தானே என்றான். மற்றவர்கள் எல்லோரும் அப்படி இல்லை. நாலு பேர் என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், இருபத்து நாலு வருசம் வாயை மூடி வச்சிருக்க உங்களால முடிஞ்சிருக்கே, குழம்புல உப்பு இல்லைங்கிறதை ஒரே ஒரு நாள் மூடி வச்சிருக்கக் கூடாதா என்றாள். அவள் பேசியதே போதும் என்று அன்றைக்கு உப்பில்லாமல் சாப்பிட்டேன்.

இவ்வளவும் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நேற்று நெட்டையன் அம்மா டிப்போவுக்கு வந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தை ஒரு காலத்தில் தனியாகக் கட்டி மேய்த்தவர். இப்போது எழுபது வயது, நடை மட்டும் குறையவில்லை. அடுக்கின டயர்களுக்கு நடுவில் வந்து நின்றார். உன் சிநேகிதன் ஆத்துல விழுந்ததைக் கண்ணால பார்த்தேன்னு சொன்னே, என் புள்ளையும் விழுந்ததைக் கண்ணால பார்த்தேன்னு சொன்னே, ஒரே காகிதம், ஒரே கையெழுத்து, இப்ப என் புள்ளை எங்க இருக்கான் சொல்லுப்பா என்றார்.

அம்மா, அவன் நிஜமாகவே போய்விட்டான் என்றேன். அன்னைக்கும் நிஜம்னுதானே சொன்னே என்றார். சத்தியம் செய்தேன். என் கையைத் தள்ளிவிட்டார். கோபமாகக்கூட இல்லை. அவன் எங்கேயோ வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறான், நான் கடிதம் போட்டால் வந்துவிடுவான் என்கிறார். அவன் முகவரியை மறைக்காதே என்று என்னிடம் கெஞ்சுகிறார். மகன் படத்தை மடியில் வைத்து எடுத்த படத்தை மாட்டக் கூடாது என்று படக்காரம்மாவிடம் சொல்லிவிட்டார். புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாராம். அளவு கேட்ட தையல்காரரிடம் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாராம்.

பேனா, செத்தவனையும் உயிரோடிருப்பவனையும் ஒரே காகிதத்தில் எழுதினேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். நெட்டையனின் சாவை நான் பொய்யாக்கிவிட்டேன். ஒரு தடவை அழுது முடித்திருந்த அந்தத் தாயை, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வைத்துவிட்டேன்.

நான் தள்ளி நின்றேன். நீதான் பாலத்தின் உடைந்த விளிம்பில் படுத்து அவன் கையைப் பிடித்தாய். அவன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவன் நீ. அவன் நழுவியதற்குப் பிறகுதான் நீ துப்பாக்கியைக் கீழே வைத்தாய். அதை இத்தனை கடிதங்களில் நீ ஒரு வரிகூட எழுதியதில்லை, நானும் கேட்டதில்லை. பயத்தில் ஓடினாய் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது முழுதும் சரியில்லை என்று எனக்குத் தெரியும். பிடித்திருந்த கையை என்ன செய்வது என்று தெரியாமல்தான் நீ போனாய்.

நெட்டையன் அம்மாவிடம் அதைச் சொல்ல உன்னால் மட்டும்தான் முடியும். என் பேச்சு அவரிடம் செல்லாது. நீ எதிரில் உட்கார்ந்து, அவன் கை என் கையில் இருந்தது அம்மா என்று சொன்னால் நம்புவார். உன்னை ஏசலாம், அடிக்கவும் செய்யலாம். நம்புவார்.

பாப்பா வியாழக்கிழமை காலை ரயிலில் கிளம்புகிறாள். தனியாகத்தான் வருகிறாள். நான் துணைக்கு வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். தங்கச்சி பையில் மாற்றுத்துணி மடித்து வைத்துக் கொடுத்தது, உனக்கென்று ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. எனக்குத் தெரிந்து அதற்கு அர்த்தம் வேண்டாம் என்பதல்ல. சனிக்கிழமை மதியம் உன் அறை வாசலில் நிற்பாள். நீ ஊர் மாறுவதானால் வெள்ளிக்கிழமைக்குள் மாறிவிடலாம், நேரம் இருக்கிறது. அதையும் மறைத்து உன்னைச் சிக்கவைக்க எனக்கு மனமில்லை. மறைத்தது போதும். அதனால்தான் இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

இருந்தாயானால், அவள் தட்டியதும் கதவைத் திற. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாதே, உட்காரச் சொல். அவளுக்கு நெடும்பயணம் ஒத்துக்கொள்ளாது, தலை வலிக்கும், முதலில் சூடாக ஒரு டீ கொடு. அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல். என்னைப் பற்றிக் கேட்டாலும் உள்ளதைச் சொல். பிறகு இரண்டு பேருமாகக் கிளம்பி வாருங்கள். ரயிலடியில் நான் நிற்பேன். வேறு யாரையும் கூட்டிக்கொண்டு வரமாட்டேன்.

உன்னைச் செத்தவன் என்று எழுதிக் கொடுத்த இந்தக் கையாலேயே எழுதுகிறேன், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உனக்காக இனிமேல் பொய் சொல்லாத,
உன் பம்பரம்